சாரல் காலத்திலும் கொப்பரை: செங்கோட்டைப் பக்கத்துக்கு ஒரு சூரிய உலர்த்தி

ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் இறங்கத் தொடங்கிவிட்டால் புளியரை, செங்கோட்டை, பண்பொழி வட்டாரத்தில் களத்தில் தேங்காய் காயப்போட்டவர்களுக்கு நிம்மதி கிடையாது. பத்து நிமிடம் வெயில், அடுத்த பத்து நிமிடம் சாரல், மறுபடி வெயில். தார்ப்பாயை இழுத்து மூடுவதும் விலக்குவதுமாகப் பகல் போய்விடும். மூடிய தார்ப்பாய்க்குள் தேங்காய்ப் பருப்பு வேர்த்து, மூன்றாம் நாள் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பிடிக்கும்.

இத்தனைக்கும் அந்த நாட்களில் வெயில் ஒரேயடியாக இல்லாமல் போவதில்லை. கொப்பரை கெடுவதற்குக் காரணம், வெளியே வந்த ஈரத்தை எடுத்துக்கொண்டு போகக் காற்று நகராததுதான். பருப்பைக் காயவைப்பது சூடான, நகர்கிற காற்று. வெயிலிடமிருந்து இரண்டு வேலையையும் சேர்த்து வாங்க வேண்டும்: ஒரு பங்கு வெயில் காற்றைச் சூடாக்கட்டும், இன்னொரு சிறு பங்கு மின்சாரமாகி அந்தக் காற்றைத் தள்ளட்டும். ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் உருவான சுரங்க வடிவ உலர்த்தியின் அடிப்படை இதுவே. அதைச் சுருக்கி, 16 அடி நீளம், 4 அடி அகலத்தில், ஒரு தடவைக்கு 100 தேங்காய் கொள்ளும்படி கட்டிய விவரம் இது.

கணக்கு

காற்றுமண்டலத்துக்கு வெளியே, சூரியனுக்கு நேராக நிறுத்திய ஒரு சதுர மீட்டரில் 1361 வாட் வந்து விழுகிறது. தரைக்கு வரும்போது தெளிந்த உச்சிவெயிலில் 1000 வாட் அளவில் நிற்கும். நம் பக்கம் நல்ல வெயில் நாளில் சதுர மீட்டருக்கு 5 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். சாரல் நாளில் அதில் பாதி கிடைத்தால் போதும் என்று திட்டமிட வேண்டும்.

நெற்றுத் தேங்காய் ஒன்றின் பச்சைப் பருப்பு சுமார் 280 கிராம் இருக்கும். அதில் பாதி தண்ணீர். அதை 6 சதவீத ஈரத்துக்கு இறக்கினால் மிஞ்சுவது 150 கிராம் கொப்பரை. ஆக, காய்க்கு 130 கிராம் தண்ணீர், 100 காய்க்கு 13 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.4 மெகாஜூல், அதாவது 0.67 யூனிட் தேவை. 13 கிலோவுக்கு 8.7 யூனிட்.

16 அடிக்கு 4 அடி என்றால் 6 சதுர மீட்டர். நல்ல நாளில் 30 யூனிட் விழும். இதுபோன்ற எளிய உலர்த்தியில் அதில் கால் பங்கு தண்ணீரை ஆவியாக்கப் பயன்பட்டால் நன்றாகவே கட்டியிருக்கிறோம் என்று பொருள். அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 11 கிலோ தண்ணீர், ஒன்றேகால் நாளில் வேலை முடிய வேண்டும். நடப்பில் மூன்று நாள் பிடிக்கும், சாரலில் நாலைந்து நாள். மேற்பரப்புத் தண்ணீர் சுலபமாகப் போய்விடும். பருப்பின் உள்ளே இருப்பது தானாக மேலே ஊறி வந்தால்தான் காற்று அதைத் தொட முடியும். அந்த ஊறலை அவசரப்படுத்தச் சூட்டை ஏற்றினால் மேல்தோல் இறுகி உள்ஈரம் அடைபட்டுப் போகும். ஆகவே வெயிலின் அளவு முதல் நாளுக்கும், பொறுமை மீதி நாட்களுக்கும் முக்கியம்.

சாரல் நாளில் காற்றே ஈரமாக இருக்கும்போது அது எப்படிக் காயவைக்கும் என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. 27 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் கொண்ட காற்றை 37 டிகிரிக்குச் சூடாக்கினால் அதே காற்றின் ஈரப்பதம் 45 சதவீதமாகிவிடும். 45 டிகிரிக்குப் போனால் 30 சதவீதம். காற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரையும் நாம் எடுக்கவில்லை, அதன் கொள்ளளவைத்தான் கூட்டினோம். பத்துப் பதினொரு டிகிரி ஏறினால் ஈரப்பதம் ஏறக்குறையப் பாதியாகும் என்று நினைவில் வைத்தால் போதும். மேகத்துக்கு நடுவே வரும் அரைகுறை வெயிலுக்குக்கூட அந்தப் பத்து டிகிரியைக் கொடுக்கத் தெம்பு உண்டு.

இடமும் திசையும்

செங்கோட்டை ஏறக்குறைய 9 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 13 வாக்கில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதன்பின் ஆகஸ்ட் 30 வாக்கு வரை நண்பகலில் வடக்கே சாய்ந்து நிற்கும். அதாவது சாரல் காலம் முழுக்கச் சூரியன் நமக்கு வடக்கே. தெற்கு நோக்கிச் சரித்து வைக்கும் வழக்கத்தை அப்படியே பின்பற்றினால் வெயில் தேவைப்படும் மாதங்களிலேயே நட்டம். உலர்த்தியைச் சமதளமாகவே வைத்து, மேல் ஷீட்டை மட்டும் கூரைபோல இரு பக்கமும் இறக்கிவிட வேண்டும். டிசம்பரில் நண்பகல் சூரியன் 57 டிகிரி உயரத்தில் நிற்பதால் சமதளத்தில் அப்போதும் குறை பெரிதில்லை.

காற்றுதான் இங்கே பெரிய விஷயம். கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று, குறுக்கே நிற்கும் எதையும் தூக்கிப் பார்க்கும். ஆகவே உலர்த்தியின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். காற்று நுழையும் வாய் மேற்கே, வெளியேறும் வாய் கிழக்கே. வீசும் காற்று ஃபேனுக்கு உதவியாகத் தள்ளும். வெளிவாயில் இழுக்கவும் செய்யும். மேற்கு வாய்க்குள் சாரல் அடிக்காமல் இருக்க, தகரத்தில் கீழ்நோக்கித் திறந்த மூக்கு ஒன்று வைத்தே ஆக வேண்டும். மூக்கின் வாய் கீழே பார்க்க, காற்று மேலேறி உள்ளே போகும், தண்ணீர் ஏறாது.

மலையடிவாரத்தில் மேற்கு மலை மாலை வெயிலைச் சீக்கிரமே மறைத்துவிடும். புளியரை, கற்குடிப் பக்கம் கட்டுபவர்கள் கடைசி ஒரு மணி நேர வெயிலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காலையில் தென்னை நிழல் விழாத கிழக்குத் திறப்புள்ள இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

சட்டமும் தகரமும்

ஒன்றரை அங்குல ஆங்கிளில் 16 அடிக்கு 4 அடிச் சட்டம், இடுப்பு உயரத்தில் எட்டுக் கால்கள். காலுக்குக் கீழ் கான்கிரீட் கட்டை போட்டு நட்டு போல்ட்டால் இறுக்க வேண்டும். வெறுமனே நிறுத்தினால் ஆடிக் காற்றில் இடம் மாறும். மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும் வேண்டாம். உள்ளே சூடு, வெளியே சாரல் என்று மாறி மாறிப் பட்டால் ஒட்டுப்பலகை இரண்டாவது பருவத்திலேயே பிரியும்.

26 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகரம், 8 அடிக்கு 4 அடி, நான்கு. இரண்டு அடித்தகரம், இரண்டு மேல்தகரம், நடுவே 5 செ.மீ. இன்சுலேஷன். இங்கே பலரும் தெர்மாகோல் வைக்கிறார்கள். அது 75 டிகிரிக்கு மேல் இளகும். ஃபேன் நின்றுபோன உச்சிவெயிலில் கறுப்புத் தகரம் அதைத் தாண்டிப் போகும்; தெர்மாகோல் சுருங்கித் தகரம் பள்ளமாகும். கண்ணாடிப் பஞ்சு சூடு தாங்கும், ஆனால் அதன் துகள் உணவில் கலக்காதபடி முழுக்க அடைக்க வேண்டும். நம் ஊரில் கையிலேயே இருக்கும் பொருள் தேங்காய் நார். நன்றாக வெயிலில் உலர்த்திய நாரை 5 செ.மீ. தடிமனுக்குப் பரப்பி, விளிம்பு முழுவதும் தகரத்தை மடக்கி ரிவெட் அடித்து, சந்துகளில் சிலிகான் விட வேண்டும். விரல் நுழையும் சந்து ஒன்று இருந்தாலும் எலி குடியேறும்.

பக்கத் தகரத்தின் உயரம் 10 செ.மீ. மேற்குப் பாதி காற்றைச் சூடாக்கும் பகுதி. அங்கே கறுப்புப் பூசும் மேல்தகரத்தை 5 செ.மீ. உயர்த்திப் போட்டால் காற்று போகும் சந்து சிறுத்து வேகம் கூடும். வேகமான காற்று தகரத்திலிருந்து அதிகச் சூட்டைப் பிடுங்கும். கிழக்குப் பாதி உலர்த்தும் பகுதி. அங்கே தட்டுகள் மேல்தகரத்திலிருந்து 5 செ.மீ. மேலே நிற்கும், காற்று மேலும் கீழும் போகும்.

பெயின்ட் விஷயத்தில் கவனம் தேவை. பளபளக்கும் எனாமல் கறுப்பு வேண்டாம், வெயிலைத் திருப்பி அனுப்பும். சூடு தாங்கும் மேட் கறுப்பு, இரண்டு மெல்லிய பூச்சு. தகரத்தைச் சோப்புநீரால் கழுவி, உப்புத்தாள் தேய்த்து, ஜிஐக்கான பிரைமர் அடிக்காமல் பூசினால் ஆறே மாதத்தில் செதில் செதிலாக உரிந்து பருப்பில் விழும். பூசிய பிறகு வெறும் உலர்த்தியை மூன்று நல்ல வெயில் நாட்கள் ஓடவிட வேண்டும். வெளிவாயில் முகத்தை வைத்தால் பெயின்ட் வாடை துளியும் வரக் கூடாது. கொப்பரை எண்ணெய்ப் பொருள். எந்த வாடையையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், செக்கில் ஆட்டிய எண்ணெய் வரைக்கும் அது போகும்.

தட்டுக்கு ஜிஐ வலை வேண்டாம். தேங்காய்த் தண்ணீர் பட்டுத் துரு ஏறும். வாழைப்பழம் போன்ற புளிப்புள்ள பொருளை அதில் வைத்தால் துத்தநாகம் கரையும். 304 ரக எவர்சில்வர் வலை, அல்லது உணவுக்கு ஏற்ற எச்டிபிஇ பிளாஸ்டிக் வலை. 4 அடிக்கு 2 அடியாக நான்கு தட்டு என்றால் ஒருவரே தூக்கலாம்.

மேல் ஷீட்

பாலிஹவுஸுக்குப் போடும் 200 மைக்ரான், யுவி (புற ஊதாக் கதிர்) தாங்கும் பாலித்தீன் போதும். 2 மீட்டர் அகலத்தில் ஐந்தரை மீட்டர் வாங்கினால் மடிப்புக்கும் சேர்த்துச் சரியாக வரும். சாதாரண பாலித்தீன் விலை குறைவு என்று போட்டால் ஒரு கோடை தாங்காது. நடுவில் முக்கால் அங்குலப் பைப்பை முகடாக, பக்கத் தகரத்துக்கு மேலே 15 செ.மீ. உயரத்தில் ஓட்ட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தேங்காமல் இறங்கும். ஷீட்டைக் கம்பியால் கட்டுவதோ ஆணி அடிப்பதோ கிழிசலுக்கு வழி. அலுமினியம் புரொஃபைலும் சிக்சாக் ஸ்பிரிங்கும் கொண்டு பிடித்தால் இறுக்கம் சீராக இருக்கும், கழற்றி மாட்டவும் எளிது. வெயில் ஏறிய நடுப்பகலில் ஷீட்டை மாட்டுங்கள். காலைக் குளிரில் இறுக்கியது மதியம் தொய்ந்து, காற்றில் படபடத்து, பைப் படும் கோட்டில் அறுந்துபோகும். பைப்பின் மேல் பழைய துணியையோ வெள்ளை டேப்பையோ சுற்றினால் அந்தக் கோட்டில் ஷீட் வெந்துபோகாது.

உலர்த்தும் பாதியில் வடக்குப் பக்க விளிம்பை மட்டும் ஒரு பைப்பில் சுற்றி உருட்டித் திறக்கும்படி விட வேண்டும். சரக்கு ஏற்றுவதும் இறக்குவதும் அந்தப் பக்கம்.

ஃபேனும் பேனலும்

இந்த உலர்த்தியில் தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் இதுதான், ஆகவே விரிவாக.

சூடாக்கும் பகுதி 3 சதுர மீட்டர். உச்சிவெயிலில் 3 கிலோவாட் விழுகிறது, அதில் 45 சதவீதம் காற்றுக்குப் போனால் 1.35 கிலோவாட். காற்றை 20 டிகிரி மட்டும் ஏற்ற வேண்டுமானால் மணிக்கு 220 கன மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 130 கன அடி காற்று வேண்டும். 120 மி.மீ. சதுரம், 38 மி.மீ. தடிமன் கொண்ட 12 வோல்ட் டிசி ஃபேன் இரண்டு இதற்குப் போதும். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 100 கன அடி என்று பெட்டியில் இருந்தால் அது எதிர்ப்பே இல்லாத இடத்துக்கான கணக்கு. மேற்கு வாயில் அடிக்கும் கொசுவலை, மூக்கு, தட்டு எல்லாம் தாண்டி மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நல்லது. 25 மி.மீ. மெல்லிய ஃபேன் வேண்டாம். எதிர்ப்பு வந்ததும் சுற்றிக்கொண்டே இருக்கும், காற்று நகராது.

இரண்டையும் மேற்கு வாயிலேயே, காற்றை உள்ளே தள்ளும்படி பொருத்த வேண்டும். வெளிவாயில் வைத்து உறிஞ்சலாமே என்று தோன்றும். அங்கே வரும் காற்று சூடும் ஈரமும் நிறைந்தது. பேரிங் மசகு சீக்கிரம் உலர்ந்து ஃபேன் கிரீச்சிடும். இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளே தள்ளினால் ஷீட் லேசாக உப்பி நிற்கும், சந்துகளில் காற்று வெளியே கசியும். உறிஞ்சினால் அதே சந்துகள் வழியாகத் தூசியும் ஈயும் உள்ளே வரும்.

ஃபேனை நேரே சூடாக்கும் பகுதிக்குள் ஊதவிட்டால் நடுவில் இரண்டு பட்டையாகக் காற்று ஓடி, ஓரங்கள் செத்துக் கிடக்கும். ஃபேனிலிருந்து 15 செ.மீ. தள்ளி, முழு அகலத்துக்கும் ஓட்டை போட்ட தகரத் தடுப்பு ஒன்று நிறுத்துங்கள். காற்று அதில் முட்டிப் பரவி, சீராகப் போகும். ஊதுபத்தியை ஏற்றி வாயில் பிடித்தால் ஷீட் வழியாகப் புகையின் பாதை தெரியும். பெயின்ட் வாடை போக ஓடவிடும் நாட்களிலேயே இதைச் செய்துவிடலாம். சரக்கு ஏற்றிய பிறகு புகை காட்டக் கூடாது.

மின்சாரத்துக்கு 20 வாட் சூரிய பேனல் ஒன்று. பேட்டரி இல்லை, ஆகவே சார்ஜ் கன்ட்ரோலரும் இல்லை. வெயில் இருக்கும்போது மட்டும் காற்று தேவை, வெயிலே அதை ஓட்டட்டும். ஃபேன்கள் இரண்டுக்கும் சேர்த்து 0.6 ஆம்பியர், 7 வாட் அளவுதான். 10 வாட் பேனலே போதாதா என்றால், தெளிந்த வானத்துக்குப் போதும், பொருத்தமும்கூட. வெயில் ஏற ஏற வேகமும் ஏறி, சூடு ஒரே அளவில் நிற்கும். ஆனால் சாரல் நாட்டில் மேகமூட்டத்தில் சதுர மீட்டருக்கு 300 வாட் வெயிலில் 10 வாட் பேனல் ஃபேனை நகர்த்தவே திணறும். பச்சைப் பருப்புக்கு முதல் நாள் மிகத் தேவையானது காற்றோட்டம். ஆகவே இங்கே 20 வாட். அதே மேகத்தில் இது 0.33 ஆம்பியர் தரும், ஃபேன் பாதி வேகத்துக்காவது சுற்றும்.

பேனலை ஃபேனில் நேரடியாக இணைக்காதீர்கள். '12 வோல்ட் பேனல்' என்பது பேட்டரிக்கு ஏற்றது என்ற பொருளில் வைத்த பெயர். 36 செல் கொண்ட பேனல், லோடு இல்லாமல் 19 முதல் 21 வோல்ட் வரை காட்டும். லோடு குறைவாக இருப்பதால் ஃபேனுக்கு 18, 19 வோல்ட் போய்ச் சேரும்; சில வாரத்தில் உள்ளிருக்கும் சர்க்யூட் கருகும். நடுவில் வோல்ட்டை இறக்கித் தரும், எல்.எம். 2596 சிப் கொண்ட பக் கன்வெர்ட்டர் போர்டு ஒன்று வையுங்கள். 40 வோல்ட் வரை உள்வாங்கும். ஃபேனை இணைப்பதற்கு முன்பே மல்டிமீட்டரை வெளிமுனையில் வைத்து, அதன் சிறு திருகைச் சுற்றி 12.0 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து அசையாமல் செய்யுங்கள். போர்டை டிஃபன் டப்பா அளவு பிளாஸ்டிக் பெட்டியில், ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி, பேனலின் நிழலில் தொங்கவிடலாம். ஒயர் முனைகளில் வெறும் முறுக்கு வேண்டாம். சால்டர் வைத்து, சுருங்கும் டியூப் போடுங்கள். சாரலில் பச்சை பிடிப்பது முதலில் அந்த முறுக்குதான்.

இந்த ஃபேன்களுக்குள் பிரஷ் கிடையாது. சிவப்பும் கறுப்பும் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றாது. சுற்றவே சுற்றாது, சில ரகம் செத்தே போகும். இணைக்கும் முன் ஒரு தடவை மீட்டரில் பாருங்கள்.

பேனலையும் ஏறக்குறையச் சமதளமாக, தூசி கழுவிப் போகும் அளவுக்கு 10 டிகிரி சரித்து, சூடாக்கும் பகுதியின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. பேனலின் 36 செல்லும் ஒரே சங்கிலி. ஒற்றைத் தென்னங்கீற்று நிழல் ஒரு செல்லை முழுக்க மூடினாலும் மொத்தக் கரன்ட்டும் விழுந்துவிடும். தகரம் வெயிலிலும் பேனல் மட்டும் நிழலிலும் இருந்தால் ஃபேன் நிற்கும், உள்ளே சூடு ஏறும், அரை மணி நேரத்தில் பருப்பு பழுப்பாகிவிடும். இரண்டும் ஒன்றாக நிழலுக்குப் போய் ஒன்றாக வெளியே வர வேண்டும். காலை 8, 10, மதியம் 12, 2, 4 மணிக்கு ஒரு நாள் நின்று நிழலைப் பார்த்துவிட்டே பேனலுக்கு இடம் குறியுங்கள்.

வெளிவாய், நுழைவாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கிழக்கு முனையை முழு அகலத்துக்கும் திறந்து, எவர்சில்வர் வலை அடித்து, இரவில் மூடத் தகரக் கதவு ஒன்று கீல் போட்டு வையுங்கள். மேற்கு மூக்குக்கும் ஒரு மூடி.

சரக்கு ஏற்றுவது

உடைத்த நான்கு மணி நேரத்துக்குள் பருப்பு உலரத் தொடங்கிவிட வேண்டும். காலை 7 மணிக்கு உடைத்து, மூடிகளைக் கவிழ்த்து அரை மணி நேரம் தண்ணீர் வடியவிட்டு, 8 மணிக்குள் தட்டில் அடுக்குங்கள். முந்தின நாள் மாலை உடைத்து வைப்பது பூசணத்துக்கு ஒரு இரவு இலவசமாகக் கொடுப்பது. 200 மூடிகள், ஒவ்வொன்றும் 11 செ.மீ. சதுரம் பிடிக்கும் என்றால் இரண்டரைச் சதுர மீட்டர். உலர்த்தும் பகுதி 3 சதுர மீட்டர் என்பதால் ஒரே அடுக்கில் அடங்கும். வாய் மேலே பார்க்கட்டும். மூடி மேல் மூடி அடுக்காதீர்கள்.

சூடாக்கும் பகுதி முடியும் இடத்தில், வெயில் படாதபடி ஒரு தகரத் துண்டின் நிழலில் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை வையுங்கள். 50 முதல் 60 டிகிரி நல்லது. 65ஐத் தாண்டினால் உருட்டும் விளிம்பை ஒரு கை அகலம் திறந்துவிடலாம். வெயிலிலேயே தெர்மாமீட்டரை விட்டால் அது காற்றின் சூட்டைக் காட்டாது, தன் சொந்தச் சூட்டைக் காட்டும்.

மாலையில் வெயில் மலைக்குப் பின்னால் போனதும் இரு வாயையும் மூடுவது வழக்கம். இதில் ஒரு நுட்பம். முதல் நாள் மாலை பருப்பு இன்னும் ஈரமாக இருக்கும். உடனே இறுக மூடினால் இரவில் ஷீட் குளிர்ந்து உள்பக்கம் முழுக்க நீர் கோத்து, முகட்டிலிருந்து பருப்பு மேலேயே சொட்டும். முதல் இரவு மட்டும் கிழக்கு வாயை நாலு விரல் திறந்து வையுங்கள். இரண்டாம் இரவிலிருந்து முழுக்க மூடுங்கள். அப்போது பருப்பு பாதி காய்ந்திருக்கும். வெளியிலிருந்து ஈரக்காற்றை விட்டால் இரவெல்லாம் திரும்பக் குடிக்கும்.

இரண்டாம் நாள் மதியத்துக்குமேல் பருப்பு சிரட்டையை விட்டு விலகும். அப்போது கொத்தி எடுத்தால் முழுசாக வரும். சிரட்டையை நீக்கியதும் இடம் பாதியாகக் குறையும். அந்த இடத்தில் அடுத்த லோடை ஏற்றலாம், ஆனால் எந்தப் பக்கம் என்பது முக்கியம். காயும் தறுவாயில் உள்ள பருப்பைச் சூடாக்கும் பகுதிக்குப் பக்கத்திலும், புதுசாக உடைத்த ஈரமூடியை வெளிவாய்ப் பக்கமும் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் பச்சைப் பருப்பு விட்ட ஈரம் காய்ந்த பருப்பின் மேல் போய் உட்காரும்.

முடிந்ததா என்பதைத் தராசு சொல்லும். சிரட்டை இல்லாத பச்சைப் பருப்பு ஒரு கிலோவை முதல் நாளே தனி வலைப்பையில் நிறுத்துப் போடுங்கள். ஆரம்ப ஈரம் 50 சதவீதம் என்றால் 6 சதவீதத்தில் அது 532 கிராமாக நிற்கும். நன்றாக முற்றின காயில் 45 சதவீதமே இருக்கலாம். அப்போது 585 கிராம். இந்த இரண்டுக்கும் நடுவே வந்தபின், மூன்று மணி நேர நல்ல வெயிலிலும் எடை மாறாமல் நின்றால் காய்ந்தது. உடைத்தால் பட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள். அரசுக் கொள்முதலிலும் அரவைக் கொப்பரைக்கு ஈரம் 6 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை விடும் பூசணம் ஈரக் கொப்பரையில்தான் வளரும். ஈரத்தை இப்படி இறக்கிவிட்டால் கந்தகப் புகை போட வேண்டிய தேவையே வராது. அந்தப் பழக்கத்தை விட இதுவே போதுமான காரணம் என்று நினைக்கிறோம்.

சூடாக இருக்கும் கொப்பரையைச் சாக்கில் கட்டாதீர்கள். நிழலில் ஒரு மணி நேரம் ஆறட்டும். இல்லாவிட்டால் சாக்குக்குள் வேர்க்கும்.

முருங்கை இலை, கறிவேப்பிலை காயவைக்க வேண்டுமானால் உலர்த்தும் பாதியின் மேல் கறுப்புத் துணியை விரித்து நேர்வெயிலை மறைக்க வேண்டும், நிறம் போகாது. நேந்திரம் சீவலுக்குத் தடிமன் 5 மி.மீ. தாண்டக் கூடாது, முதல் இரண்டு மணி நேரம் சூட்டை 50க்குள் வைத்திருங்கள்.

இரண்டு நாள் தொடர்ந்து வெயிலே எட்டிப் பார்க்காவிட்டால் இந்த உலர்த்தி மட்டும் காப்பாற்றாது. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் சிரட்டையை எரித்துப் புகையில்லாமல் கொப்பரை காயவைக்கும் உலர்த்திகளை உருவாக்கியிருக்கிறது. நிறையக் காய் உள்ளவர்கள் முதல் நாளை அதில் ஓட்டி, மீதியை வெயிலுக்கு விடலாம். எஞ்சும் சிரட்டையே அதற்கு எரிபொருள்.

ஃபேன் சுற்றாதபோது

உச்சிவெயிலில் பேனல் ஒயரைக் கழற்றி வோல்ட் பாருங்கள். 19க்கு மேல் காட்டினால் பேனல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மங்கலான வெளிச்சத்திலும், பாதி கெட்ட பேனலிலும்கூட வோல்ட் ஏறக்குறைய முழுசாகவே வரும். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேனலின் இரு முனையையும் மீட்டர் வழியாக ஷார்ட் செய்து கரன்ட் பாருங்கள். 20 வாட் பேனலுக்கு 1 ஆம்பியருக்குமேல் வர வேண்டும். இதனால் பேனலுக்கு ஒன்றும் ஆகாது. பேட்டரியில் மட்டும் இந்த வேலையைச் செய்யவே கூடாது. அரை ஆம்பியர்தான் வருகிறது என்றால் முதலில் கண்ணாடியைக் கழுவுங்கள், அடுத்து நிழலைத் தேடுங்கள், அதற்கப்புறம் பின்புறப் பெட்டியைத் திறந்து முனைகளைப் பாருங்கள். எறும்புக் கூடும் பச்சைத் துருவும் அங்கேதான் இருக்கும்.

கரன்ட் சரி, ஃபேன் சுற்றவில்லை என்றால் கன்வெர்ட்டரின் வெளிமுனை. ஃபேன் இணைந்த நிலையில் 12 வோல்ட் வருகிறதா? ஃபேனைக் கழற்றினால் 12 வந்து, மாட்டினால் 3, 4 என்று விழுந்தால் நடுவில் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது ஃபேன் உள்ளே ஷார்ட். ஒவ்வொரு ஃபேனையும் தனியாக மாட்டிப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

இரண்டு ஃபேனும் சுற்றுகின்றன, ஆனால் சூடு 65ஐத் தாண்டுகிறது என்றால் கொசுவலையைத் தொட்டுப் பாருங்கள். தூசியும் பஞ்சும் அடைத்து ஃபேன் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். எதிர்மாறாக, நல்ல வெயிலிலும் 40க்கு மேல் ஏறவில்லை என்றால் ஷீட் கிழிந்திருக்கும், அல்லது உருட்டும் விளிம்பு சரியாக உட்காரவில்லை.

காகம் ஷீட்டைக் கொத்தும். முகட்டுக்கு ஒரு சாண் மேலே மீன்பிடி நரம்பைக் கட்டினால் இறங்காது. மரநாய் இரவில் வரும், வலையைப் பிய்க்கும் பலம் அதற்கு உண்டு. கிழக்கு வாயின் வலைக்கு மேலே கனமான ஜிஐ வலை இன்னொன்று வெளிப்பக்கம் வேண்டும். முதல் இரவு நாலு விரல் திறந்து வைக்கும்போது இது இல்லாவிட்டால் காலையில் தட்டில் ஒன்றும் இருக்காது. எறும்புக்குக் கால்களைச் சுற்றி உபயோகித்த எண்ணெய் நனைத்த துணி.

ஷீட்டை மாட்டும்போதே ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுதுங்கள். மூன்றாம் வருடத்துக்கு அப்புறம் மஞ்சளித்துப் புகை படிந்ததுபோல் ஆகும். ஒரு புதுத்துண்டு ஷீட்டை வீட்டுக்குள் வைத்திருந்து, வெயிலில் இரண்டின் கீழும் பேனலைப் பிடித்து ஷார்ட் கரன்ட்டை ஒப்பிட்டால் எவ்வளவு வெளிச்சம் போய்விட்டது என்பது தெரியும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அடுத்த சாரலுக்கு முன்பே, மே மாதத்திலேயே மாற்றிவிடுங்கள். கழற்றும்போது சிக்சாக் ஸ்பிரிங்கை ஒரு முனையிலிருந்து மெதுவாக உருவ வேண்டும். அவசரப்பட்டு நடுவில் இழுத்தால் கண்ணுக்கு நேராகத் தெறிக்கும்.